மரக்கறித் தோட்டத்தை நம்பி மனைவியின் பேரை வெட்டலாமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. பெயரும் தோட்டமும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருக்கிறார், அதனால் சில விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வாசகருக்கு வயது 38. பதினான்கு வருடமாகக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மனைவிக்கு 36, தோட்டத்தில் 16 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார், பதிவுத் தொழிலாளி. பிள்ளைகள் இரண்டு பேர். 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுத்த தனி வீட்டில் நான்கு வருடமாக இருக்கிறார்கள். அதற்குக் கையில் இருப்பது ஒரு கடிதம் மட்டும், காணி உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை. மாமியார் பழைய லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறார். லயத்துக்குக் கீழே, தண்ணீர் ஓடும் காண் ஓரமாக, மாமனார் காலத்திலிருந்து செய்துவரும் மரக்கறித் தோட்டம் ஒன்று, சுமார் 12 பேர்ச். அந்தக் காலத்துத் துரை (தோட்ட நிர்வாகி) காட்டிக் கொடுத்த இடமாம். 2022இல் கடையில் அரைச் சம்பளம் கொடுத்தபோது வீட்டுக்குச் சோறு போட்டது அந்தத் தோட்டம்தான் என்று எழுதுகிறார்.

இப்போது அவருடைய திட்டம்: கொழும்பு வேலையை விட்டு வருவது. மனைவியும் பேரை வெட்டிக்கொண்டு, அதாவது தோட்டப் பதிவிலிருந்து விலகிக்கொண்டு, நிற்பது. மனைவியின் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து ஒரு பசு, ஒரு பொலித்தீன் கூடாரம், கொஞ்சம் கோழி. வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டை வெட்டி இன்னும் மூன்று பாத்தி. "கடைப் பக்கமே போகாமல் வாழலாம் சார், செய்கிறவர்களை போனில் பார்க்கிறேன்." மனைவி சம்மதிக்கவில்லை. பன்றித் தொல்லைக்குச் சுருக்குக் கம்பி வைத்தால் சரி என்கிறார் மச்சான். கேள்விகள் மூன்று: பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட காணி நமக்குத்தானே? ஈ.பி.எப் காசைச் சீக்கிரம் எடுக்க வழி என்ன? "மனைவிக்கு நீங்களாவது எடுத்துச் சொல்வீர்களா?"

தம்பி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மாட்டேன். உங்கள் மனைவி சொல்வது சட்டப்படியும் சரி, கணக்குப்படியும் சரி. நீங்கள் ஊருக்கு வர நினைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பதினான்கு வருடம் பிள்ளைகளைத் தீபாவளிக்கும் சித்திரைக்கும் மட்டும் பார்த்த மனிதர் வீட்டோடு இருக்க ஆசைப்படுவதில் என்ன பிழை? மண்ணில் பாடுபடவும் தயாராக இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் திட்டம் நிற்பது முழுக்க மனைவியின் காசின் மீது. அந்தக் காசு நீங்கள் நினைக்கிற மாதிரிக் கைக்கு வராது. உங்களுக்கு வரவேண்டிய காசு ஒன்று இருக்கிறது, அதைப்பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதற்கு முன் கொஞ்சம் அளந்து பார்ப்போம். ஒரு பேர்ச் என்றால் ஏறத்தாழ 272 சதுர அடி. ஏழு பேர்ச் 1,900 சதுர அடி சொச்சம். வீடு 550 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். படி, நடைபாதை, மலசலகூடக் குழி, துணி காயப்போடும் இடம் எல்லாம் கழித்தால் நடுவதற்கு ஆயிரம் சதுர அடி மிஞ்சினால் பெரிது. லயத்துத் தோட்டத்தையும் சேர்த்தால் நாலாயிரத்துக்கு மேல் வரும். நன்றாகச் செய்தால் மரக்கறி, கீரை, முட்டை என்று வாங்கும் செலவில் பெரும் பகுதி நின்றுவிடும். இது சின்ன விஷயம் இல்லை, 2022இல் பார்த்தவர் நீங்கள். ஆனால் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி, கருவாடு, கரண்ட் பில், பிள்ளைகளின் சப்பாத்து, டியூஷன் காசு இதில் எதுவும் பாத்தியில் முளைக்காது. மாதம் ஒரு தடவையாவது வீட்டுக்குள் காசாக ஏதாவது வந்தாக வேண்டும். போனில் வருகிற வீடியோக்களில் தக்காளியைக் காட்டுவார்கள், அரிசி மூட்டை எங்கிருந்து வந்தது என்று காட்டமாட்டார்கள்.

பசுவும் அப்படித்தான். நல்ல கறவைப் பசு ஒன்றுக்கு நாளைக்கு நாற்பது கிலோ அளவில் பச்சைப் புல் வேண்டும். ஏழு பேர்ச்சில் அது ஏது? தோட்டத்து மலையில்தான் அறுக்கவேண்டும், அதற்கும் துரையின் தயவு தேவை. கோழியோடு தொடங்குங்கள். பசுவை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

லயத்துத் தோட்டம் யாருடைய காணி?

பத்து வருடம் ஆண்டால் சொந்தம் என்ற நம்பிக்கை மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது முழுப் பொய்யும் இல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல், பத்து வருடம் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். உங்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் அது உடைகிறது.

முதலாவது, அந்தக் காணி தனியாருடையது இல்லை. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் அதற்கு வந்த திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, ஆனால் அவர்களிடம் இருப்பது 2045 வரையான குத்தகைதான். மண் அரசுடையது. அரசுக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடாது.

இரண்டாவது, "துரை காட்டிக் கொடுத்த இடம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அனுமதியோடு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அது எதிர் ஆட்சி ஆகாது. தனியார் காணியாக இருந்திருந்தாலும் அந்த ஒரு வரி வழக்கை முடித்துவிடும்.

நாளைக்கு அந்த இடத்தை விடச் சொன்னால் என்ன நடக்கும்? 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் அறிவித்தல் வரும். விடாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே பதில், செல்லுபடியாகும் எழுத்து மூல அனுமதி. மாமனார் கல் பொறுக்கிப் பண்படுத்திய மண் என்பதையோ, எத்தனை வருடம் அதில் உரம் போட்டோம் என்பதையோ அந்தச் சட்டம் கேட்காது. இது நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லை என்பேன். இருநூறு வருடமாக இந்த மலையில் உழைத்தவர்களின் பேரன் பேத்திகள் ஒரு கோவாப் பாத்திக்கு அனுமதிக் கடிதம் தேடவேண்டியிருக்கிறது. அதற்காக இல்லாத உரிமையை இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல முடியாது.

நடைமுறையில், தோட்டத்தில் பேர் உள்ள குடும்பம் செய்யும் மரக்கறித் தோட்டத்தில் நிர்வாகம் லேசில் கைவைப்பதில்லை. செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பேர் இல்லாத குடும்பம் என்றால் கேள்வி சீக்கிரம் வரும். மனைவி பேரை வெட்டினால் அந்த 12 பேர்ச்சுக்கும் ஆபத்து என்பதை யோசித்தீர்களா?

இதிலிருந்து எதை எங்கே நடுவது என்பதற்கும் ஒரு வழி கிடைக்கிறது. லயத்துத் தோட்டத்தில் மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வருகிறவற்றை மட்டும் போடுங்கள்: போஞ்சி, கரட், நோக்கோல், சலாது, முள்ளங்கி. என்ன நடந்தாலும் ஒரு போகத்துக்கு மேல் நட்டமில்லை. தேசி, மரத்தக்காளி, கறிவேப்பிலை, ஒட்டுக்கட்டிய அவகாடோ ஒன்று, சௌசௌப் பந்தல் என்று வருடக்கணக்கில் நிற்பவை ஏழு பேர்ச்சுக்குள் இருக்கட்டும். பொலித்தீன் கூடாரம் போடுவதானாலும் அங்கேதான். காசு செலவழித்துக் கட்டுகிற எதையும் லயத்துக் காணியில் கட்டவேண்டாம். தொழிற்சங்கத் தலைவர் மூலமாக, லயத்துத் தோட்டத்தைச் செய்துவர அனுமதிக்கும் கடிதம் ஒன்றைத் துரையிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடிதம் கோட்டைச் சுவர் ஆகிவிடாது. ஆனாலும் ஒன்றும் இல்லாததைவிட நல்லது.

மனைவியின் ஈ.பி.எப்

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டு எடுக்கலாம். அதற்கு முன் எடுக்கச் சில காரணங்களே உண்டு: நிரந்தரமாக உழைக்க முடியாமல் போவது, நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவது, பெண்கள் திருமணத்தை ஒட்டி வேலையை விடுவது போன்றவை. மரக்கறி செய்யப் போகிறோம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்குத் திருமணமாகி 13 வருடம், அந்த வழியும் இல்லை. பேரை வெட்டினால் அவருடைய ஈ.பி.எப் இன்னும் 14 வருடம் அப்படியே கிடக்கும். வட்டி சேரும், புதிதாக ஒரு சதம் சேராது. தோட்டம் கட்டும் 12 வீதம் அன்றோடு நின்றுவிடும்.

30 வீதம் எடுக்கலாமே என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை, ஆனால் அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும். குறைந்தது பத்து வருடச் சேவையும் கணக்கில் மூன்று லட்சம் ரூபாயும் இருக்கவேண்டும். பசு வாங்கக் கிடைக்காது. வீட்டு வேலை என்று எழுதிக் கொடுத்துப் பசு வாங்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள்.

வேலையை விட்டால் உடனே வரக்கூடியது இரண்டு. ஒன்று ஈ.டி.எப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதி. மற்றது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்த தொழிலாளி தானாக விலகினாலும் இது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். 16 வருடம் என்றால் 224 நாள் சம்பளம். பெரிய தொகைதான். ஆனால் ஒரு தடவைதான் வரும். அதைப் பசுவாகவும் பொலித்தீனாகவும் மாற்றிவிட்டு, முதல் மழைக்காலத்தில் பசுவுக்கு மடி வீக்கமும் கூடாரத்தில் கிழிசலும் வந்தால், கொழுந்துக் கூடையை மறுபடி தூக்கப்போவது அவர். அதுவும் புதுப் பேராக, அல்லது கைக்காசுக்கு. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது.

உங்கள் 14 வருடம்

கடையில் உங்களுக்கு ஈ.பி.எப் கட்டினார்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. "சின்னக் கடைகளுக்கு அதெல்லாம் இல்லை" என்ற எண்ணத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பிழை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஒரேயொரு ஆளை வைத்து வேலை வாங்கும் கடையையும் பிடிக்கும். தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம், அதோடு ஈ.டி.எப் 3 வீதம். உங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும் 230 ரூபாய் உங்கள் பேரில் போயிருக்கவேண்டும். பதினான்கு வருடத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். கட்டாமல் விட்டிருந்தால், வேலையை விட்ட பிறகும் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நிலுவையை மேலதிகக் கட்டணத்தோடு முதலாளிதான் கட்டவேண்டும்.

கட்டியிருந்தால் அந்தக் காசும் உங்கள் 55 வயதுவரை கிடக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈ.டி.எப் பங்கை வேலையை விட்டதும் கேட்கலாம். அதோடு, விலகுவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் அந்தக் கடையில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், உங்களுக்கும் சேவைக்காலப் பணம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். பதினான்கு வருடத்துக்கு ஏழு மாதச் சம்பளம், முப்பது நாளுக்குள் கொடுத்தாகவேண்டும். கோழிக்கூடும் விதையும் தண்ணீர்க் குழாயும் வாங்க அது தாராளம்.

ஆக, வேலையை விடவேண்டிய ஆள் இந்த வீட்டில் யாராவது இருந்தால், அது நீங்கள். மனைவியின் பேர் ஓடட்டும். மாதச் சம்பளமும் ஈ.பி.எப்பும் அவர் பக்கம், பாத்தியும் கோழியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் உங்கள் பக்கம். மலைக்குப் போய் வந்த பெண்ணே வீட்டில் அடுப்பையும் பார்ப்பது என்ற நம் ஊர் வழக்கத்தை உங்கள் வீட்டில் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

மேட்டை வெட்டுவதும் கம்பி வைப்பதும்

இவை இரண்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள மேடு எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை. மூன்று பாத்திக்கு வெட்டவேண்டும் என்றால் கொஞ்ச நஞ்ச மண் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தில் எத்தனை மேடுகள் வீடுகள் மேல் இறங்கின என்பதும் தெரியும். அடியை வெட்டிய மேடு முதல் பெருமழைவரைதான் நிற்கும். அளவாகக்கூட வெட்டவேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், பிரதேச செயலகம் மூலமாகக் கேட்டால் லேசு. அவர்கள் வரும்வரை மேட்டில் மானாப்புல்லோ வெட்டிவேரோ நட்டு மண்ணைப் பிடித்து வையுங்கள். மேலே இருந்து வரும் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் தேங்காமல் ஓடுகிறதா என்று காணைத் துப்பரவாக வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி போதவில்லை என்றால் சாக்கிலும் பழைய டயரிலும் மண் நிரப்பி நடலாம்.

மச்சானின் கம்பி பன்றி என்று பார்த்துப் பிடிக்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது, நாடே பேசியது. சிறுத்தை முழுப் பாதுகாப்பு உள்ள மிருகம். உங்கள் பாத்தி ஓரத்துக் கம்பியில் ஒன்று மாட்டினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான், மச்சான் வீட்டுக்கு இல்லை. பழைய தகரம், முள்வேலி, ராத்திரிக்கு வெளிச்சம் என்று பாருங்கள். கொஞ்சம் பன்றிக்குப் போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிர் விஷயத்தில் நான் சட்டத்தரணி, விவசாயி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். தேயிலை மண் புளிப்பு மண், மரக்கறிக்கு டொலமைட் போட்டுச் சரிப்படுத்தவேண்டி வரும். எவ்வளவு என்று விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள். இரசாயன உரம் ஒரு பிடிகூட வேண்டாம் என்பது உங்கள் கொள்கை, நல்லது. ஆனால் எருவும் கூட்டுப் பசளையும் சேர்த்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியதன் கூலியை மலையக மரக்கறிக்காரர் எல்லோரும் வாங்கினார்கள், அந்த வருடம் முடிவதற்குள் தடையையே எடுக்கவேண்டி வந்தது.

இப்போது என்ன செய்யலாம்

விலகுவதாக முதலாளியிடம் வாய் திறப்பதற்கு முன், கடையில் வேலை செய்ததற்கான அத்தாட்சிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சம்பளத் துண்டு, வங்கியில் விழுந்த காசின் விபரம், கடை கொடுத்த கடிதம், கூட வேலை செய்தவர்களின் பெயர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் கடையில் நிற்கும் பழைய படங்கள்கூட உதவும். அடையாள அட்டையோடு தொழில் அலுவலகத்துக்குப் போய் உங்கள் பேரில் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். சில கடைகளில் ஆளுக்குச் சொல்லாமலே கட்டியிருப்பார்கள், அதுவும் பாதிச் சம்பளத்துக்கு மட்டும்.

அடுத்தது வீட்டுக் கடிதம். அதைப் படமெடுத்து இரண்டு பிரதி வையுங்கள். உறுதி எந்த நிலையில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். உறுதி கைக்கு வந்தால் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக் கடிதத்தில் யாருடைய பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. தோட்டத்தில் பேர் உள்ளவர் உங்கள் மனைவி, வீடும் அவர் பேரில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான்.